வருத்தத்துக்குக் கொடுத்த சீனி உருண்டை

கிழக்கு இலண்டனில் ஒரு தமிழன் வீட்டில் சீலிங் ஒழுகினால் முதலில் இன்சூரன்சுக்குப் போன் அடிப்பான். அவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு யாரோ ஒரு கம்பனிக்கு அடிப்பான். அவர்கள் வந்து சுவரை உடைத்துவிட்டுப் போவார்கள். கடைசியில்தான் பரமேஸ்வரனுக்கு அடிப்பான். "முதலே எனக்கு அடிச்சிருந்தால் சுவராவது மிஞ்சியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார். வாய் கொஞ்சம் பெரிதுதான். ஆனால் கைவேலை அதைவிடப் பெரிது. முப்பத்தைந்து வருடத்தில் அவர் பிடிக்காமல் விட்ட ஒழுக்கு ஒன்றுகூட இல்லை. நம்பாதவர்கள் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து கேட்டுப் பார்க்கலாம்.

கரவெட்டியில் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். எண்பத்தாறில் இங்கே வந்து இறங்கியபோது தெரிந்த ஆங்கிலத்தை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒரு ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவினார். ஒருநாள் தொட்டிக்குக் கீழே பைப் வெடித்தது. வந்த ஐரிஷ்காரக் கிழவனுக்கு டோர்ச் பிடிக்க ஆள் இல்லை, இவர் பிடித்தார். மற்ற எல்லாரும் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் கிழவனின் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை அந்தக் கிழவனுடனேயே வேலைக்குப் போய்விட்டார். பிறகு காஸ் லைசன்ஸ் சோதனை. மகள் பிறேமினிக்கு அப்போது பத்து வயது. அவள் கேள்வியை வாசித்து விளங்கப்படுத்த, இவர் பதிலைப் பாடமாக்கினார். இரண்டு தரம் கோட்டை விட்டார், மூன்றாம் தரம் பாஸ். இன்றைக்கு அவர் பெயர் எழுதிய வான் மூன்று ஓடுகிறது. "எட்டாம் வகுப்பு மூண்டு வான் வைச்சிருக்கு, எம்.எஸ்ஸி ஒண்டு பஸ்சுக்கு நிக்குது" என்று அவர் சொல்லிச் சிரிக்கும்போது, பஸ்சுக்கு நிற்பவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஐரிஷ்காரக் கிழவனிடம் அவர் கற்ற முதற் பாடம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் ஒழுக்கு வந்தால், ஒரு நேரத்தில் ஒரு வால்வைத்தான் மூட வேண்டும். மூடிவிட்டு இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டும். சொட்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் அதைத் திறந்துவிட்டு அடுத்ததை மூட வேண்டும். அவசரப்பட்டு நாலையும் ஒரேயடியாக மூடினால் சொட்டு நிற்கும்தான், வீட்டுக்காரன் கும்பிடுவான்தான். ஆனால் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது. வேலைக்கு வருகிற பெடியங்களுக்கு அவர் ஏசுகிற ஏச்சில் முக்கால்வாசி இதற்குத்தான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லாமல் போனது ஒரு சின்னப் போத்தல் சீனி உருண்டையால்.

பிறேமினியின் மகள் மேனுஷாவுக்கு ஐந்து வயது. குட்மேய்ஸில் தாய் தகப்பனோடு இருக்கிறாள். போன செப்டெம்பரில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள், அன்றிலிருந்து பிடித்தது சனியன். முதலில் தடிமன், மூக்கால் ஓடும். மூன்றாம் நாள் நெஞ்சுக்குள் இறங்கும். பிறகு இழுப்பு. அன்ரிபயோட்டிக் மூன்று முறை கொடுத்தாயிற்று. தை மாதத்தில் ஒரு பின்னேரம் பிள்ளை மூச்சை எடுக்க முடியாமல் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் முகத்துக்கு மாஸ்க்கைப் போட்டு மருந்துப் புகை பிடித்தார்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் பரமேஸ்வரன் வாயைத் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காத இரண்டு மணித்தியாலம் அவர் வாழ்க்கையிலேயே அதுதான் என்று மனைவி சிவனேஸ்வரி பிறகு சொன்னார்.

மாசியில் ஜீ.பீ., அதாவது குடும்ப டொக்டர், மூச்சுக்கு இழுக்கிற மண்ணிற இன்ஹேலர் பம்ப் ஒன்று கொடுத்தார். இழுப்பு வந்தபின் அடிக்கிற நீலப் பம்ப் வேறு, இது வேறு. காலையும் மாலையும், வருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பிளாஸ்ரிக் குழலில் பொருத்தி முகத்தோடு பிடித்து அடிக்க வேண்டும். பிள்ளைக்கு அந்தக் குழலைக் கண்ணில் காட்டக் கூடாது. "அம்மப்பா, நோ மாஸ்க்!" என்று கட்டிலுக்குக் கீழே ஓடிவிடுவாள்.

பங்குனியில் பரமேஸ்வரன் பிள்ளையின் அறை அலுமாரியை இழுத்துப் பார்த்தார். பின்சுவர் முழுக்கக் கறுத்த பூஞ்சணம். வெளியே கூரைத் தண்ணீர் இறங்கும் பீலி வெடித்துச் சுவருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. "ஊருக்கெல்லாம் ஒழுக்குப் பார்க்கிறன், என்ர பிள்ளை வீட்டைப் பார்க்கேல்லை" என்று தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு நாளில் பீலியையும் மாற்றிச் சுவரையும் சுரண்டிப் பூசிக் காயவிட்டார்.

சித்திரை பிறக்க முதல் விம்பிள்டனில் ஒரு வேலை வந்தது. பிள்ளையார் கோயிலடியில் ஒரு வீடு, முன்னறையில் ஒரு சின்னக் கிளினிக். வீட்டுக்காரி லக்ஷ்மிப்ரியா, திருச்சிப் பக்கத்துப் பெண், ஊரில் ஹோமியோபதி படித்துவிட்டு வந்தவர். மேலே குளியலறை ஒழுகிக் கீழே மருந்து அலுமாரிக்கு மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒழுக்கை அடைத்துவிட்டு ஏணியில் நின்ற பரமேஸ்வரனுக்கு மிச்ச வேலை ஓடவில்லை. அலுமாரிக்குள் முந்நூறு சின்னப் போத்தல், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர், உள்ளே ஒரே மாதிரி வெள்ளை உருண்டை.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. எல்லாத்துக்குள்ளையும் இருக்கிறது ஒண்டுதானே?"

"பார்க்க அப்படித்தான் இருக்கும் அங்கிள். மேல விட்டிருக்கிற மருந்து வேற வேற."

மருந்து எப்படிச் செய்வது என்றும் அவர் சொன்னார். ஒரு சொட்டு மருந்தை நூறு பங்கு தண்ணீரில் கலந்து குலுக்க வேண்டும். அதில் ஒரு சொட்டை எடுத்து இன்னொரு நூறு பங்கில். இப்படி முப்பது தரம்.

பரமேஸ்வரன் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். "அப்ப கடைசியிலை மருந்து எங்கை பிள்ளை இருக்கு?"

"எல்லாரும் கேக்கிற கேள்விதான். தண்ணி அதை ஞாபகம் வச்சிருக்கும்னு நாங்க நம்புறோம். அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு சயின்ஸ்காரங்க சொல்றாங்க."

வேறொருவர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். பரமேஸ்வரன் தண்ணீரோடு சீவித்தவர். மேலே சீலிங்கைப் பார்த்தார். ஒழுக்கை அடைத்து ஒரு மணித்தியாலமாகிவிட்டது, கறை வட்டமாக அப்படியே நின்றது. தண்ணீர் போன பிறகும் தண்ணீர் வந்த வழியைச் சுவர் சொல்லுமென்றால், மருந்து போன பிறகு தண்ணீர் ஏன் சொல்லக் கூடாது? இந்தச் சங்கதி அவரைப் பிடித்துக்கொண்டது. கூலி வேண்டாம், பேத்தியைக் கூட்டி வருகிறேன், பாருங்கள் என்றார்.

பிறேமினிக்கு விருப்பமில்லை. "அப்பா, அது வெறும் சீனி."

"சீனியெண்டால் என்ன கெடுதி? கேக் தின்னுறாள்தானே?"

"சரி, குடுங்கோ. ஆனால் பம்பை மட்டும் நிப்பாட்டேலாது."

ஈஸ்டர் விடுமுறையில் அவரே மேனுஷாவைக் கூட்டிக்கொண்டு போனார். லக்ஷ்மிப்ரியா ஒரு பெரிய கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"சொல்லுங்க அங்கிள், குழந்தைக்கு என்ன பிரச்சினை?"

"அடிக்கடி தடிமன், பிள்ளை."

லக்ஷ்மிப்ரியா ஈர்க்குப் போல நின்ற மேனுஷாவை மேலும் கீழும் பார்த்தார். "தடிமனா? ரொம்ப ஒல்லியால்ல இருக்கா?"

"உடம்பு தடிக்கிறதில்லை பிள்ளை! மூக்காலை ஓடுறது, தும்முறது."

"ஓ, சளியா! ஜலதோஷம்!"

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். "நல்லவேளை, இல்லாட்டி மெலியிறதுக்கு மருந்து தந்திருப்பியள்" என்றார் பரமேஸ்வரன். அதற்குப் பிறகு இருவருக்கும் பயம் விட்டுப் போயிற்று. திருச்சித் தமிழுக்கும் கரவெட்டித் தமிழுக்கும் நடுவில் இருந்த ஒரே பள்ளத்தைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

"இந்த ஆறு மாசத்திலை ஏழு தரம் வருத்தம் பிள்ளை. வருத்தம் வந்தால் சாப்பாடு இல்லை, கதை இல்லை. தாயின்ர மடியை விட்டு இறங்காள்."

லக்ஷ்மிப்ரியாவின் முகம் இளகியது. "வருத்தம் எப்போ ஆரம்பிச்சது?"

"பள்ளிக்கூடம் தொடங்கின நாளிலையிருந்து."

"ஓகோ. அழுவாளா?"

"வருத்தம் வந்தால் அழாமல் என்ன செய்யும்?"

"வீட்ல வேற யாருக்காவது இப்படி?"

"தாய்க்குச் சின்னனிலை இருந்தது. எனக்கும் மழைக்காலத்திலை ஒருக்கால் வந்திட்டுப் போகும்."

இருமல், பம்ப் என்று அவர் சொன்னதையும் சேர்த்து ஒரு பக்கம் நிறைய எழுதினார் லக்ஷ்மிப்ரியா. அலுமாரியில் ஒரு போத்தலை எடுத்தார். கையால் தொடாமல் மூடியில் தட்டி நாக்குக்குக் கீழே நாலு உருண்டை, கிழமைக்கு இரண்டு நாள். "இன்ஹேலரை நிறுத்தாதீங்க அங்கிள், அது டாக்டர் பார்த்துக்குவார்" என்றும் சொன்னார். இது கடமைக்குச் சொல்கிற பேச்சு என்று பரமேஸ்வரன் எடுத்துக்கொண்டார். அவரும் வாடிக்கையாளரிடம் காஸ் மணம் வந்தால் உடனே கூப்பிடு என்று கடமைக்குச் சொல்லுகிறவர்தானே.

பிறகு நடந்தது அதிசயம். சித்திரை போனது, வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் போனது. பிள்ளைக்கு ஒரு இருமல் இல்லை. உருண்டை என்றால் வாயைத் திறந்துகொண்டு ஓடி வருவாள். பரமேஸ்வரன் சும்மா இருப்பாரா? ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் தோசைக்கடை மேசையில் இதைத் தவிர வேறு கதை இல்லை. பக்கத்தில் இருக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா, தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர், நாக்கில் ஊசி வைத்திருக்கிறவர்.

"அப்ப பரமேஸ், இனிமேல் நெஞ்சு அடைச்சாலும் நீதான் குழாய் எடுக்கப் போறாய்?"

"நக்கலடி அண்ணை, அடி. ஆறு டொக்டர்மாருக்கு ஏலாததை நான் ஒரு ஏணியிலை நிண்டு கண்டுபிடிச்சன்."

"ஓமோம். உனக்கு நோபல் பரிசை வானிலை கொண்டுவந்து இறக்குவாங்கள்."

ஆவணிக் கடைசியில் காரியம் முற்றியது. செப்டெம்பரில் பள்ளிக்கூடம் திறக்கிறது, மழையும் குளிரும் வரப்போகிறது. மேனுஷா குழலைக் கண்டால் போடுகிற கூச்சல் குறையவில்லை. "பிள்ளையைப் போட்டு வதைக்கிறியள், சுகம் வந்தது உருண்டையாலை, அந்தப் பம்பைத் தூக்கி எறி" என்று பரமேஸ்வரன் ஒற்றைக் காலில் நின்றார். பிறேமினி இரண்டு கிழமை எதிர்த்தாள். அவளுக்கும் களைத்துவிட்டது. கடைசியில் தகப்பன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, எனக்குத் தெரிய நீங்கள் ஒரு ஒழுக்கும் பிழையாச் சொன்னதில்லை. விம்பிள்டனுக்குப் போய் ஒருக்கால் கேட்டுக்கொண்டு வாங்கோ. வந்து நிச்சயம் எண்டு உங்கட வாயாலை சொன்னால், நான் திங்கக்கிழமையிலையிருந்து நிப்பாட்டுறன்."

இதைக் கேட்டபின் அவருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஏனோ தைமாதத்து நீல உதடுதான் கண்ணுக்குள் வந்தது. அந்தக் கிழமை முழுக்க நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு விம்பிள்டன் போனார். லக்ஷ்மிப்ரியா பழைய கொப்பியைப் புரட்டினார்.

"சொல்லுங்க அங்கிள், மேனுஷாவோட வருத்தம் எப்படி இருக்கு?"

"சித்திரைக்குப் பிறகு ஒரு வருத்தமும் இல்லை பிள்ளை!"

"ரொம்ப சந்தோஷம். ஸ்கூல் திறக்கிறப்போ மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க. அம்மாவைப் பிரியுற சோகம் திரும்ப வரலாம்."

பரமேஸ்வரன் லட்டுப் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"எந்தச் சோகம்?"

"நீங்கதானே சொன்னீங்க. ஏழு தடவை வருத்தம், ஸ்கூல் போன நாள்லேர்ந்து. சாப்பிட மாட்டா, பேச மாட்டா, அழுவான்னு."

"பிள்ளை, உங்கட ஊரிலை வருத்தம் எண்டால் என்ன?"

"கவலை. மனக்கஷ்டம்."

"எங்கட ஊரிலை வருத்தம் எண்டால் நோய்! காய்ச்சல், இருமல், நெஞ்சுச்சளி எல்லாம் வருத்தம்தான்!"

லக்ஷ்மிப்ரியா கொப்பியில் தன் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். "இருமல் வருதுன்னும் எழுதியிருக்கேன். ஆனா சோகத்துலதான் இருமல் வருதுன்னு நினைச்சு..."

"அப்ப நீங்கள் எதுக்கு மருந்து தந்தனீங்கள்?"

"பிரிவுத் துயரத்துக்கு."

பரமேஸ்வரன் லட்டுப் பெட்டியை அவிழ்த்து மேசையில் வைத்தார். பிறகு முதலில் சிரித்தது லக்ஷ்மிப்ரியாதான். பரமேஸ்வரனுக்கும் வந்துவிட்டது. "தாய்க்கும் சின்னனிலை இருந்தது, எனக்கு மழைக்காலத்திலை வரும் எண்டனான், என்ன நினைச்சிருப்பியள்! குடும்பமே அழுகுணிக் குடும்பம் எண்டோ?"

"எழுதியே வச்சிருக்கேன் அங்கிள். 'தாத்தாவுக்கு மழை பெஞ்சா சோகம்.'"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பரமேஸ்வரன் அடுத்த கேள்வியைக் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. "அப்ப பிள்ளைக்குச் சுகம் வந்தது எப்பிடி?"

"மனசுக்குக் கொடுத்தாலும் உடம்புக்கு வேலை செய்யும்னு எங்க புத்தகத்துல சொல்லுவாங்க..." லக்ஷ்மிப்ரியா பாதியில் நிறுத்தினார். ஒரு லட்டை எடுத்தார், திரும்ப வைத்தார். "உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரலை. எனக்குத் தெரியலை அங்கிள்."

"பம்பை நிப்பாட்டலாமோ?"

"கூடவே கூடாது. அன்னைக்கே சொன்னேனே."

விம்பிள்டனில் ரயில் ஏறினார். ஏர்ள்ஸ் கோர்ட்டில் மாறி, ஈஸ்ட் ஹாம் வரும்வரைக்கும் அவர் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். மாசியில் மண்ணிறப் பம்ப். ஒன்று. பங்குனியில் பீலியும் பூஞ்சணமும். இரண்டு. சித்திரையில் உருண்டை. மூன்று. அதே சித்திரையில் குளிர் போய் வெயில் வந்தது, இருமிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளும் குறைந்தார்கள். நாலு. பிள்ளையும் ஒரு வருடம் வளர்ந்தாள். வளர வளரத் தடிமன் குறையும் என்று ஜீ.பீ. முன்பே சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து.

ஐந்து வால்வையும் ஒரேயடியாக மூடிவிட்டு, சொட்டு நின்றதும் மூன்றாவது வால்வுதான் என்று ஊர் முழுக்கப் பறையடித்திருக்கிறார். அதுவும் அந்த மூன்றாவது பைப் வேறு வீட்டுக்குப் போகிற பைப். ஒரு பெடியன் இந்த வேலை பார்த்திருந்தால் அன்றைக்கே வானிலிருந்து இறக்கி விட்டிருப்பார்.

தோசைக்கடையைத் தாண்டித்தான் கார் நிறுத்திய தெரு. ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடிக்குள்ளிருந்து கையைக் காட்டினார்.

"என்ன டொக்டர், பம்பை நிப்பாட்டக் கட்டளை வந்திட்டுதோ?"

"அண்ணை, நான் சொன்னது பிழை. அது துக்கத்துக்குக் குடுத்த மருந்தாம்."

"துக்கத்துக்கோ? அப்ப எனக்கும் ரெண்டு வாங்கித் தா. மனுசி கனடாவாலை திரும்பி வாறா."

கடை முழுக்கச் சிரித்தது. பரமேஸ்வரன் நின்று வாங்கிக்கொண்டுதான் போனார். ஓடவில்லை. அதுவும் ஒரு தைரியம்தான்.

குட்மேய்ஸில் பிறேமினி குசினியில் நின்றாள். மேசையில் பம்ப், பக்கத்தில் குழல், கழுவிக் காயவைத்து ஒரு பையில் போடத் தயாராக இருந்தது.

"என்னவாம் அப்பா?"

"பையை எடுத்து வை. பம்பை நிப்பாட்டாதை." குழலைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். "நான் பிழை விட்டிட்டன்."

பிறேமினி அடுப்பைக் குறைத்தாள். "அப்பா, நில்லுங்கோ. போனை எடுத்திட்டு வாறன். அந்த வசனத்தை இன்னொருக்கால் சொல்லுங்கோ."

"விசர்க் கதை கதையாதை. கேள்." வருத்தத்தின் கதையைச் சொன்னார். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அவளும் அதையேதான் கேட்டாள். "அப்ப எது வேலை செய்தது?"

"தெரியாது. ஆனால் தெரியிறதுக்கு வழி எனக்குத் தெரியும். ஒரு நேரத்திலை ஒரு வால்வ். முதல்லை எதைத் தொடுறது? கை வைச்சால் வீடு வெள்ளம் போகாத வால்வைத்தான் தொட வேணும். சீனியை நிப்பாட்டுவம். பம்பைத் தொடுறதெண்டால் அது வெயில் வந்தபிறகு, நேர்ஸ் சொன்னபிறகு. நான் சொல்லி இல்லை."

பிறேமினி பம்பை எடுத்துப் பழைய இடத்தில், தேயிலைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

குழல் பிரச்சினையை அவர் தன் கையால் தீர்த்தார். வேலைப் பையிலிருந்து ஒரு செப்புப் பைப் துண்டை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு, "அம்மப்பாவுக்கும் மாஸ்க்" என்று மேனுஷாவுக்கு எதிரே இருந்தார். அவள் பத்து மூச்சு எண்ண, இவரும் பத்து மூச்சு. முதல் நாள் சிரித்துப் பாதியில் விட்டாள். நாலாம் நாள் அவளே குழலைக் கொண்டு வந்தாள்.

ஐப்பசியில் தடிமன் வந்தது. மூக்கால் ஓடியது. பரமேஸ்வரன் மூன்று நாளும் காலையும் மாலையும் வானைத் திருப்பிக்கொண்டு வந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார், சுவரில் வைத்துக் கேட்பதைப் போல. மூன்றாம் நாள் இறங்கவில்லை. நாலாம் நாளும் இறங்கவில்லை. உருண்டைப் போத்தல் அலுமாரித் தட்டில் மூடியபடியே இருந்தது. இந்த முறை அவர் தோசைக்கடையில் ஒரு சொல்லும் விடவில்லை. ஒரு தடிமனை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, குளிர்காலம் முழுக்கக் கிடக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த கிழமை பள்ளிக்கூட வாசலில் மேனுஷா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அம்மப்பா, எனக்கு வருத்தம்."

முன்பென்றால் நெற்றியில் கை வைத்திருப்பார். இப்போது குனிந்து கேட்டார். "எது? எங்கட வருத்தமோ, விம்பிள்டன் வருத்தமோ?"

பிள்ளை யோசித்தாள். "அபிஷன் என்ர சிவப்புப் பென்சிலைத் தரேல்லை."

"அப்ப அது விம்பிள்டன்" என்று சொல்லி, அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, பென்சில் விற்கும் கடைப் பக்கம் திரும்பினார்.